இலை கொடுக்கும் கூலி

எங்கள் வீட்டுக் கொல்லையில், கிணற்றடி நீர் வழிந்தோடித் தேங்குகிற மூலையில், யாரும் விதைக்காமலும் யாரும் பேணாமலும் தானாகவே முளைத்து ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்ட ஆமணக்குச் செடி ஒன்று இருக்கிறது. கொசு அடைகிறது என்றும், குழந்தைகள் விதையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டால் ஆபத்து என்றும், அதை வெட்டி எறிந்துவிட வேண்டும் என்று வீட்டில் வருஷந்தோறும் தீர்மானம் நிறைவேறும். நானும் வருஷந்தோறும் ஏதாவது சமாதானம் சொல்லி அதை ஒத்திப்போடச் செய்வேன். விதை விஷம் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்தச் செடிக்காக நான் இத்தனை தூரம் வாதாடுவதற்குக் காரணம் அதன் கொட்டையும் அன்று, எண்ணெயும் அன்று. காலை வேளையில் அதன் இலைக்காம்புகளில் நடக்கிற ஒரு கொடுக்கல் வாங்கல்தான்.

ஆமணக்கின் இலை, விரல்களை விரித்து நீட்டிய கை போன்றது. முழங்கை போல நீண்டு வருகிற காம்பு அந்தக் கையோடு சேருகிற மணிக்கட்டில், மேற்புறமாக, கடுகைப் பாதியாக நறுக்கி ஒட்டவைத்தாற்போல் இரண்டு குமிழ்கள் இருக்கும். காம்பின் அடியிலும் தண்டின் கணுக்களிலும் இதே ஜாதிக் குமிழ்கள் இன்னும் சில உண்டு. முற்றிய இலையில் அவை வறண்டு மரு போலக் காணும். ஆனால் கொழுந்துவிட்டு இரண்டொரு நாளான இளம் இலையில், வெயில் ஏறுவதற்கு முன் போய்ப் பார்த்தால், ஒவ்வொரு குமிழின் நடுக்குழியிலும் குண்டூசித் தலையளவு நீர்த்துளி ஒன்று பளபளத்து நிற்கும். பனித்துளி என்று நினைத்து விரலால் ஒற்றினால் பிசுபிசுவென்று ஒட்டும். சற்றே பொறுத்திருந்தால் அடித்தண்டிலிருந்து ஒரு கட்டெறும்பு ஏறி வரும். முதல் இலையின் மணிக்கட்டில் நிற்கும். மீசையால் தொட்டுப் பார்த்து, துளியை உறிஞ்சிவிட்டு, இறங்கி, அடுத்த காம்பில் ஏறும். தபால்காரர் தெருவில் ஒரு வீடும் விடாமல் படியேறி இறங்குகிற மாதிரி, அது செடி முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும்.

பூவில் தேன் இருக்கிறது, அந்தத் தேனுக்கு ஆசைப்பட்டு வண்டு வருகிறது, வந்த வண்டின் உடம்பில் மகரந்தம் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது என்பது நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்த பாடம். ஆமணக்கின் விஷயத்தில் அந்தப் பாடம் தலைகீழாக நிற்கிறது. ஆமணக்குப் பூவுக்கு இதழும் கிடையாது, தேனும் கிடையாது. அதன் மகரந்தத்தைப் பெரும்பாலும் காற்றே சுமந்து செல்கிறது. பூவுக்குக் கொடுக்காத தேனை அது காம்புக்குக் கொடுத்திருக்கிறது. விருந்தினர் வருகிற கூடத்தில் பாய்கூட விரிக்காமல், கொல்லைப்புறத்துப் படியில் பாயசம் வைத்திருக்கும் இந்த வீட்டுக்காரனின் நோக்கம் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா?

ஆமணக்கு ஒன்றுதான் இப்படி என்று எண்ண வேண்டாம். பருத்தி இலையைத் திருப்பினால், அடிப்புறத்து நடுநரம்பில் சிறு குழி ஒன்று தெரியும், அதுவும் தேன்சுரப்பியே. பூவரசிலும் இலையின் அடிப்பக்கம், நரம்பு தொடங்குகிற இடத்தில் இதைக் காணலாம். ஆவாரையில் எதிரெதிர்ச் சிற்றிலைகளின் ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே ஒரு சிறு முளை நிமிர்ந்து நிற்கிறது. கருவேல், சீமைக்கருவேல், வாகை, கல்யாணமுருங்கை, காசித்தும்பை, நாட்டு வாதுமை, ரப்பர் மரம் ஆகியவற்றின் இலைகளிலும், தட்டைப்பயற்றின் பூங்காம்பிலும், முந்திரியின் இளந்தளிரிலும் பிஞ்சிலும் இது உண்டு. ஆவாரைக்கு நெருங்கிய உறவாகிய சரக்கொன்றையில் இல்லை. உறவினர் எல்லோரும் ஒரே சுபாவமாக இருந்துவிடுவார்களா என்ன! மலைச்சரிவுகளில் அடர்ந்து வளரும் ஒருவகைப் பெரணியிலும் இந்தச் சுரப்பி இருக்கிறது என்பது இன்னும் வேடிக்கை. பெரணிக்குப் பூ என்பதே கிடையாது. ஆகவே, பூவுக்காக ஏற்பட்ட தேன் வழிதவறி இலைக்கு வந்துவிட்டது என்று சமாதானம் சொல்லவும் இடமில்லை.

சாஸ்திரக்காரர்கள் இதற்குப் பூவுக்குப் புறம்பான தேன்சுரப்பி என்று பெயரிட்டிருக்கிறார்கள். காஸ்பாரி என்ற ஜெர்மானியத் தாவர அறிஞர் 1848ஆம் ஆண்டிலேயே இந்தப் பாகுபாட்டைச் செய்தார். பழைய வழக்குப்படி மதுச்சுரப்பி என்றே நான் எழுதியிருப்பேன். ஆனால் மது என்ற நல்ல சொல்லை இக்காலத்தில் வேறொரு கடை தன் பலகையில் எழுதிக்கொண்டுவிட்டபடியால், தேன்சுரப்பி என்றே சொல்லிப் போகிறேன். 2013ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் இருவர் தொகுத்து வெளியிட்ட ஜாபிதாவில், நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த ஏறக்குறைய 4,000 தாவர இனங்கள் இடம்பெற்றிருக்கின்றன. இவை எல்லாம் ஒரே மூதாதையிடமிருந்து பெற்ற சொத்து அல்ல என்பதும், தனித்தனிக் கிளைகளில் நூற்றுக்கணக்கான முறை இந்தச் சுரப்பி புதிதாகத் தோன்றியிருக்கிறது என்பதும் அவர்கள் கண்ட முடிவு. அமெரிக்காவில் கொலராடோவின் ஃபுளோரிஸன்ட் என்ற இடத்தில், சுமார் 3 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்து கல்லாகிப்போன பாப்லார் மரத்து இலையிலும் இந்தக் குமிழ்கள் அப்படியே பதிந்திருக்கின்றன.

இதன் பிரயோஜனம் என்ன என்ற கேள்விக்கு முதலில் கிடைத்த பெரிய பதில் பிழையான பதில். அதைச் சொன்னவர் சாமானியரும் அல்லர். சார்ல்ஸ் டார்வின் 1859இல் வெளியிட்ட தம் பிரசித்தி பெற்ற நூலில், சில செடிகள் தங்கள் சாற்றில் உள்ள ஏதோ வேண்டாத பொருளைக் கழித்துவிடுவதற்காகவே இத்தகைய இனிப்பு நீரை வெளியே தள்ளுகின்றன என்று கருத்துத் தெரிவித்தார். அதாவது, நமக்கு வியர்வை எப்படியோ அப்படிச் செடிக்கு இது. அவர் பாராமல் சொன்னவரும் அல்லர். காட்டுப்பயற்றுச் செடி ஒன்றின் இலையடிச் செதில்களில் துளிர்க்கும் இந்த நீரைத் தேனீக்கள் உறிஞ்சுவதையும், சூரியனை மேகம் மறைத்தவுடன் சுரப்பு நின்று தேனீக்கள் வயலை விட்டுப் போய்விடுவதையும் வயல் வரப்பில் நின்று கவனித்து எழுதியிருக்கிறார். அத்தனை கூர்மையான கண்ணுக்கும் தேன் தெரிந்தது, தேனீ தெரிந்தது. எறும்பு மட்டும் முக்கியமாகப் படவில்லை. இங்கிலாந்தின் குளிர்ந்த வயல்களில் எறும்பின் ஆட்சி அவ்வளவு பிரத்தியட்சமாக இல்லாதது ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் ஊரில் சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைத்து வாழ்கிறவர்கள் எறும்பை மறக்க முடியுமா?

எறும்பு தெரிந்த இடத்துக்குப் போய் இருந்தவர் தாமஸ் பெல்ட். அவர் தொழிலால் சுரங்க எஞ்சினியர். மத்திய அமெரிக்காவில் நிகராகுவா நாட்டின் தங்கச் சுரங்கம் ஒன்றை மேற்பார்வை செய்யப் போனவர். அங்கே எருதுக்கொம்பு வேல் என்று சொல்லத்தக்க ஒரு முள்மரம் உண்டு. ஜோடி ஜோடியாக உள்ள அதன் முட்கள் பருத்து, உள்ளே கூடாகி, எருதின் கொம்பையே அச்சில் வார்த்தாற்போல் இருக்கும். அந்தக் கொம்பின் நுனியில் துளையிட்டு உள்ளே குடியிருக்கின்றன ஒருவகை எறும்புகள். குடிநீருக்கும் இனிப்புக்கும் இலைக்காம்பில் தேன்சுரப்பி. சோற்றுக்குச் சிற்றிலைகளின் நுனியில் மஞ்சள் நிறமான சிறு பருக்கைகள். வீடும் உணவும் மரத்தின் செலவு. கிளையைத் தொட்டால் போதும், கொம்புகளிலிருந்து எறும்புச் சேனை புறப்பட்டு வந்து கொட்டித் தீர்த்துவிடும். ஓரிரவில் ஒரு தோட்டத்தையே மொட்டையடித்துவிட்டுப் போகும் இலைவெட்டி எறும்புகள் திரிகிற அந்தத் தேசத்தில், இம்மரத்துக்கு எறும்பே காவல் என்று பெல்ட் நிச்சயித்தார்.

அவர் அனுமானத்தோடு நின்றுவிடவில்லை என்பதைத்தான் நான் விசேஷமாகச் சொல்வேன். அதே மரத்தின் விதைகளைத் தம் தோட்டத்தில் விதைத்துக் கன்றுகளை வளர்த்தார். அந்த இடத்தில் வேறு எறும்புகள் எத்தனையோ இருந்தும், இந்த மரத்துக்கு உரிய குடி எறும்பு அங்கே இல்லை. கொம்புகள் காலியாக இருந்தன. தேனைக் குடிக்க ஆள் இல்லை. இலைவெட்டிகள் வந்தன, கன்றுகளின் இலை முழுவதையும் வெட்டிக்கொண்டு போய்விட்டன. சுரங்கக் கணக்குப் பார்க்கிற மனிதர் ஓய்வு நேரத்தில் செய்த இந்தச் சிறு பரீட்சையை 1874இல் தம் புத்தகத்தில் எழுதினார். ஏறக்குறைய அதே சமயத்தில் இத்தாலியில் ஃபெடெரிகோ டெல்பினோ என்ற அறிஞரும், இலைத்தேன் என்பது எறும்பைக் கூலிக்கு அமர்த்தும் உபாயமே என்று வாதித்து வந்தார். டார்வின் பெரிய மனிதர். 1876இல் எழுதும்போது, எருதுக்கொம்பு வேலின் விஷயத்தில் பெல்ட் சொன்னது சரியென்று ஒப்புக்கொண்டார். ஆனால் எல்லாச் செடிகளுக்கும் அந்த நியாயம் பொருந்தும் என்று அவர் ஏற்கவில்லை.

அதன்பின் வெகுகாலம் இந்தச் சங்கதி வழக்காகவே இழுபட்டது. எறும்பு மரத்துக்குக் காவல் என்போர் ஒரு கட்சி. எறும்பு வெறும் சுரண்டல்காரன், கிடைத்ததைத் தின்றுவிட்டுப் போகிறது, மரத்துக்கு அதனால் லாபம் ஒன்றும் இல்லை என்போர் மற்றொரு கட்சி. 1960களில் டேனியல் ஜான்ஸன் என்ற இளம் ஆராய்ச்சியாளர் மெக்சிகோவுக்குப் போய், அதே எருதுக்கொம்பு வேலை நூற்றுக்கணக்கில் எடுத்துக்கொண்டு, சிலவற்றின் எறும்புகளை நீக்கியும் சிலவற்றில் அப்படியே விட்டும் கிரமமாக அளந்து பார்த்தார். எறும்பு போன மரங்கள் பூச்சிக்கு இரையாகி, பக்கத்துக் கொடிகள் மேலே படர்ந்து நிழலில் அமுக்க, வளர்ச்சி குன்றி நின்றன, எறும்புள்ளவை ஓங்கின. பூச்சியைக் கடித்து விரட்டுவதோடு, தம் மரத்தின் மேல் தாவுகிற அன்னியக் கொடியின் நுனியையும் அந்த எறும்புகள் கடித்துத் துண்டித்துவிடுகின்றன! 1966இல் வெளியான அந்தக் கட்டுரைக்குப் பிறகு, எறும்பினால் மரத்துக்கு லாபமே இல்லை என்று பேசுவோர் குறைந்துபோனார்கள்.

இவ்விடத்தில் வாசகர்கள் ஒரு வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆமணக்கு கொடுப்பது அன்றாடக் கூலி. வருகிறவன் யார், எந்த ஊர், எந்த ஜாதி என்று அது கேட்பதில்லை. ஆப்பிரிக்கச் செடியாகிய ஆமணக்கின் காம்பில் நம் ஊர்க் கட்டெறும்பு ஏறுகிறது. பிரேசில் தேசத்திலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்த முந்திரியின் தளிரில் நம் ஊர் முசுறு ஏறி இலைகளைப் பின்னிக் கூடு கட்டுகிறது. இந்தியா, இலங்கை, மலேசியா ஆகிய நாடுகளில் முந்திரித் தோப்புகளைச் சுற்றிப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், தாய்நாட்டை விட்டு வந்த அந்த மரத்துக்கு வந்த நாட்டு எறும்புகளே காவலாக அமைந்திருப்பதைக் குறித்திருக்கிறார்கள். வட ஆஸ்திரேலியாவிலோ, முந்திரித் தளிரைக் குத்தி உறிஞ்சுகிற தேயிலைக் கொசுவை அடக்க, முசுறைத் தோப்புகளில் வேண்டுமென்றே குடியேற்றி நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். முசுறு கடித்த தடிப்பைத் தடவிக்கொண்டே முந்திரிக்கொட்டை பொறுக்குகிற பண்ருட்டிப் பக்கத்துப் பெண்களுக்கு இதைச் சொன்னால் என்ன பதில் கிடைக்கும் என்பது வேறு விஷயம்.

எருதுக்கொம்பு வேலோ பண்ணையாள் வைத்துக்கொள்கிற பண்ணையார். அந்தப் பண்ணையத்தின் உள்ரகசியத்தை மார்ட்டின் ஹைல் என்ற ஜெர்மானிய அறிஞரும் அவருடைய சகாக்களும் இந்த நூற்றாண்டில் வெளிப்படுத்தினார்கள். சாதாரணமாக எறும்புகளுக்குப் பிடித்தது சுக்ரோஸ் என்கிற கரும்புச் சர்க்கரை. இந்த மரத்தின் தேனில் அது இல்லை. தேனிலேயே கலந்திருக்கும் ஒரு நொதி அதை உடைத்து, குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாக மாற்றிவிடுகிறது. அதனால் வழிப்போக்கு எறும்புகளுக்கு அதில் அத்தனை ருசி இல்லை. குடியிருக்கும் எறும்புக்கோ, கரும்புச் சர்க்கரையைச் செரிக்கும் சக்தியே வேலைசெய்வதில்லை. மரத்தின் உடைத்த சர்க்கரைதான் அதற்கு ஆகும். பிறவியிலேயே அந்தச் சக்தி இல்லையோ என்றால், இருக்கிறது. புழுப் பருவத்தில் நன்றாகவே இருக்கிறது. கூட்டுப் பருவம் கழிந்து வெளிவந்த எறும்பு மரத்தின் தேனை முதல் முறை குடித்ததும், அத்தேனில் உள்ள வேறொரு புரதம் அதன் செரிமான நொதியை முடக்கிப் போடுகிறது. அதன்பின் அந்த எறும்பு வேறெங்கு போனாலும் பட்டினி. முதல் கவளச் சோற்றிலேயே ஆயுள் சாசனம் எழுதி வாங்கிவிடுகிற இந்தச் சாமர்த்தியத்தைக் கேட்டபோது, முன்பணம் கொடுத்துத் தலைமுறைகளைப் பிணைத்து வைத்திருந்த நம் பழைய மிராசுகள்தாம் எனக்கு நினைவுக்கு வந்தன. பரஸ்பர நட்பு, இயற்கையின் கருணை என்றெல்லாம் இந்த உறவைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் இதையும் ஒருமுறை படித்துவிட்டு எழுதலாம்.

எல்லா முதலாளிகளையும் போலச் செடியும் கூலியில் கணக்குப் பார்க்கிறது. தேன் என்பது இலை வெயிலில் சமைத்த சர்க்கரையே. வேரும் விதையும் அதற்காகக் காத்திருக்கின்றன. எந்நேரமும் வாரி இறைத்துக்கொண்டிருக்க முடியாது. ஆகையால் புழு கடித்தால் சுரப்பு அதிகமாகிறது. பருத்தியிலும் ஆமணக்கிலும் மலேசியக் காடுகளின் மாகரங்கா மரங்களிலும் இதைப் பரீட்சித்துக் கண்டிருக்கிறார்கள். கடிபட்ட இலையில் ஜாஸ்மோனிக் அமிலம் என்ற பொருள் உற்பத்தியாகி, எதிரி வந்துவிட்டான் என்ற செய்தியைச் சுரப்பிக்குச் சேர்க்கிறது. பெயரைக் கேட்டவுடனேயே மல்லிகை மணக்கிறதே என்று தோன்றினால் தவறில்லை. மல்லிகை அத்தருக்கு மணம் தருகிற பொருள்களில் ஒன்று இந்த அமிலத்தின் நெருங்கிய உறவு. மெக்சிகோவின் கடலோரத்தில் லைமா அவரைக் கொடியை ஆராய்ந்தபோது இன்னொரு விந்தையும் புலப்பட்டது: கடிபட்ட இலையிலிருந்து காற்றில் கிளம்பும் மணத்தை நுகர்ந்ததும், கடிபடாத இலைகளும் தேன் சுரக்கத் தொடங்கின. ஒரே கொடியின் இலைகள் உள்வழியாகவே செய்தி அனுப்பிக்கொள்ளலாமே, காற்று எதற்கு என்று கேட்கலாம். கொடி வளைந்து வளைந்து படர்கிறது. அடுத்த இலைக்குக் காற்று வழி அரைச்சாண், தண்டு வழி நான்கு முழம். குறுக்குவழி தெரிந்தவன் சுற்றுவழியில் போவானேன்?

காலத்திலும் கணக்கு உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் பகுதியின் கருஞ்செர்ரி மரத்தில், துளிர்விட்ட முதல் மூன்று வாரங்களில்தான் இலைச்சுரப்பி அதிகமாகச் சுரக்கிறது. கூடாரம் கட்டிக் கூட்டமாகத் தின்னும் கம்பளிப்புழுக்கள், எறும்பு தூக்கிக்கொண்டு போகக்கூடிய அளவில் சிறியனவாக இருப்பதும் அந்த மூன்று வாரங்களில்தான். புழு பெருத்துவிட்டால் எறும்பு ஒன்றும் செய்ய முடியாது. இதை நான் என் கொல்லையிலேயே பார்த்திருக்கிறேன். ஆமணக்கைத் தின்ன வரும் காவடிப்புழுவின் குஞ்சு, நூல் போல் மெலிந்து, முதுகைக் காவடியாக வளைத்து வளைத்து நடந்து வரும். தேன் குடித்துத் திரும்புகிற கட்டெறும்பு அதன்மேல் மோதினால், பல்லால் கவ்விப் பிடித்துக் காம்பு வழியே இழுத்துக்கொண்டு இறங்கிவிடும். விரல் நீளத்துக்குத் தடித்த புழுவிடம் அதே எறும்பு போனால், புழு உடம்பை ஒரு வெட்டு வெட்டும். எறும்பு தரையில் விழும். புழு மறுபடி தின்ன ஆரம்பிக்கும். ஆகவே எறும்புக் காவலை அபேத்தியமான கோட்டை என்று நான் சொல்ல மாட்டேன். இரவு ரோந்துக்காரன் கம்பைத் தட்டிக்கொண்டு போவதற்கு என்ன மதிப்போ, அவ்வளவு மதிப்பு. திருட்டே நடக்காது என்பதில்லை, குறையும்.

கூலிக்கு வருகிறவை எறும்பு மாத்திரமும் அல்ல. புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை இடுகிற சின்னஞ்சிறு குளவிகளும், அசுவினியைத் தின்னும் பொறிவண்டுகளும், சில சிலந்திகளும் இந்தத் தேனுக்கு வருகின்றன. கூலி வாங்கிக்கொண்டு வேலை செய்யாத பேர்வழிகளும் உண்டு. மத்திய அமெரிக்காவின் எருதுக்கொம்பு வேலில் ‘பகீரா கிப்ளிங்கி’ என்று ஒரு தாவும் சிலந்தி இருக்கிறது. சிலந்தி என்றால் மாமிச பட்சிணி என்பது உலகம் அறிந்தது. இதுவோ காவல் எறும்பின் கண்ணில் படாமல் தாவித் தாவிப் போய், மரம் எறும்புக்கென்று வைத்த பருக்கைகளையும் தேனையும் தின்று ஜீவிக்கிறது. கிப்ளிங்கின் காட்டுக் கதையில் வரும் கருஞ்சிறுத்தையின் பெயரை இந்தச் சைவச் சிலந்திக்குச் சூட்டியவர், அதன் ஆகாரம் தெரியாமல்தான் சூட்டினார்.

எதிரியே இல்லாவிட்டால் கூலி என்ன ஆகும்? கென்யா நாட்டின் புல்வெளிகளில் சீழ்க்கை வேல் என்ற முள்மரம் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கிறது. அதன் வீங்கிய முட்களில் எறும்பு குடைந்த துளை வழியே காற்று புகுந்து சீழ்க்கை அடிப்பதால் அந்தப் பெயர். அங்கே சில இடங்களை மின்வேலியிட்டு அடைத்து, யானையும் ஒட்டகச்சிவிங்கியும் பத்தாண்டு உள்ளே வராமல் செய்தார்கள். மரங்களுக்கு நல்ல காலம் பிறந்தது என்றுதானே யாரும் நினைப்போம்? 2008இல் வெளியான முடிவு நேர்மாறாக இருந்தது. மேய்கிற மிருகம் இல்லாமற்போகவே மரங்கள் தேன்சுரப்பிகளைக் குறைத்தன, எறும்புக்கு வீடாகும் வீங்கிய முட்களையும் குறைத்தன. கூலி குறைந்த காவல் எறும்பு, வயிற்றுப் பிழைப்புக்காக மரத்தின் சாற்றை உறிஞ்சும் செதில்பூச்சிகளைப் பேணி அவற்றின் இனிப்புக் கழிவை நம்பத் தொடங்கியது. அதன் குடிகள் நலிந்தன. அந்த இடத்தை வேறொரு எறும்பு பிடித்துக்கொண்டது. அது முள்ளில் குடியிருப்பதில்லை; மரத்தைத் துளைக்கும் வண்டுப்புழுக்கள் குடைந்த பொந்துகளில் குடியிருப்பது. ஆகவே துளைப்புழுவுக்கு அங்கே தடை இல்லாமற்போயிற்று. யானை தின்னாத மரங்கள், யானை தின்ற மரங்களைவிட மெதுவாக வளர்ந்து, அதிகமாகச் செத்தன.

அதே நாட்டில், 2024இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி இதைவிட நீளமான சங்கிலி ஒன்றைக் காட்டியது. வெளியிலிருந்து வந்து பரவிய பெருந்தலை எறும்பு, சீழ்க்கை வேலின் காவல் எறும்புகளைக் கொன்று தீர்த்தது. ஆனால் மரத்தைக் காக்கும் வேலையை அது ஏற்கவில்லை. காவல் போன மரங்களை யானைகள் முறித்துத் தள்ளின. மறைவு போய் வெளி வெட்டவெளியாயிற்று. மறைந்திருந்து பாய்கிற சிங்கத்துக்கு வரிக்குதிரை அகப்படுவது அரிதாகிவிட்டது. சிங்கங்கள் காட்டெருமையின் பக்கம் திரும்பின. காம்பில் உள்ள ஒரு துளித் தேனுக்கும் சிங்கத்தின் உணவுக்கும் இவ்வளவு சம்பந்தம்.

மனிதன் இந்தக் கூலியை நிறுத்திப் பார்த்ததும் உண்டு. ஹவாய்த் தீவுகளில் உள்ள காட்டுப் பருத்தி ஒன்றுக்கு இலையில் தேன்சுரப்பி கிடையாது. அத்தீவுகளில் மனிதன் காலடி வைப்பதற்குமுன் எறும்பே இருந்ததில்லை; கூலியாள் இல்லாத ஊரில் கூலி எதற்கு என்று அந்தப் பருத்தி கைவிட்டிருக்கலாம். காய்ப்புழுவின் தாயாகிய அந்துப்பூச்சியும் இலைத்தேனைக் குடித்துத்தான் பலம் பெறுகிறது என்பதைக் கண்ட அமெரிக்க விஞ்ஞானிகள், ஹவாய்ப் பருத்தியைச் சாகுபடிப் பருத்தியோடு கலந்து, சுரப்பியற்ற ரகங்களை உண்டாக்கினார்கள். சில பூச்சிகளின் தொல்லை குறைந்தது மெய். கூடவே, பூச்சிகளைத் தின்னும் நல்ல பூச்சிகளும் குறைந்தன. நம் பக்கத்தில் வேளாண்மை அதிகாரிகள், பருத்தி, நிலக்கடலை வயல்களின் வரப்பில் தட்டைப்பயறு விதைக்கச் சொல்வது எதிர்த்திசையில் செல்லும் யோசனை. கூலியைக் கூட்டி ஆளைச் சேர்ப்பது. இரண்டில் எனக்குப் பின்னதுதான் புத்திசாலித்தனமாகப் படுகிறது. தட்டைப்பயற்றால் வேறொன்றும் கிட்டாவிட்டாலும் சுண்டலாவது கிடைக்கும்.

கடைசியாக, வீட்டுத் தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. செடியில் எறும்பு ஏறுவதைக் கண்டதும் கடைக்கு ஓடி எறும்புப் பொடி வாங்கி வந்து தூவுகிற வழக்கம் நம்மிடையே பெருகிவிட்டது. தூவுவதற்கு முன் ஒரு நிமிஷம் குனிந்து, அந்த எறும்பு எதைத் தேடி ஏறுகிறது என்று பாருங்கள். இலையின் அடியிலோ குருத்திலோ வெள்ளைப் பஞ்சு போல மாவுப்பூச்சியும், கறுப்பாகவோ பச்சையாகவோ அசுவினியும் மொய்த்திருந்து, எறும்பு அவற்றைச் சுற்றிச் சுற்றி வருமானால், அது எதிரியின் மாட்டை மேய்க்கிற எறும்பு. தண்ணீரைப் பீய்ச்சி அந்தப் பூச்சிகளைக் கழுவிவிடுங்கள், எறும்பும் போய்விடும். அப்படி ஒன்றும் இல்லாமல், இலைக்காம்பில் சிறு குமிழும் அதில் ஒரு துளியும் மட்டும் இருந்தால், அந்த எறும்பு உங்கள் செடி தன் சொந்தச் செலவில் வைத்துக்கொண்ட ஆள். பொடி டப்பாவை மூடி வைத்துவிடுங்கள்.